முருங்கை இலைத் தூள் குடுத்தா முயல் குட்டி கூடுமா? இபில் இபில் சேர்க்கலாமா?

வத்தளைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். பின்வளவில நியூசிலாந்து வெள்ளை இனத்தில பெட்டை 6, கடுவன் 1 நிக்குது. கம்பிவலைத் தளம் போட்ட கூடு, மேல தகரக் கூரை. தீனி இதுதான்: கடையில வாங்குற முயல் பெலட் ஒரு முயலுக்கு நாளைக்கு 80 கிராம், காலமை கினிப்புல், பின்னேரம் கங்குங் கீரை. சினையா இருந்தாலும் பால் குடுத்தாலும் அளவு ஒண்டுதான்.

முந்தி ஒரு ஈத்துக்கு 7, 8 குட்டி வரும். இப்ப 4, 5. சித்திரை, வைகாசியில சேர்த்ததில பாதி சினையே பிடிக்கேல்லை. பிறக்கிற குட்டியும் மூண்டாம் கிழமையில மெலிஞ்சு போகுது. முருங்கை இலைத் தூள் குடுத்தா சினை பிடிக்கும், குட்டி கூடும் எண்டு வட்ஸ்அப் குழு ஒண்டில போட்டிருந்தாங்கள். கேள்வி இதுதான்:

தூள் எவ்வளவு குடுக்கிறது? வேலியில இபில் இபில் (சவுண்டல்) மரமும் கிளிரிசிடியா மரமும் நிக்குது, அதையும் காயவைச்சுச் சேர்க்கலாமா? பூச்சிக்கு வேப்பிலை நல்லம் எண்டுறது உண்மையோ? மழைக்குள்ள இலை காயவைக்கிறது எப்பிடி?

பசுந்தீவனம்:

முருங்கை இலையைக் கருத்தரிப்பு மருந்தாகப் பார்க்க வேண்டாம், அது ஒரு புரதத் தீவனம். காய்ந்த இலையில் புரதம் 25 முதல் 30 சதவீதம் வரை இருக்கும். கல்சியம் 2 சதவீதத்தை ஒட்டி நிற்கும். கரோட்டினும் விற்றமின் ஈயும் தாராளம். தீனியில் ஏற்கனவே குறை இருந்தால் அந்தக் குறையை நிரப்பும், உடனே பலன் தெரியும். குறை இல்லாத முயலுக்குக் கொடுத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

உங்களிடம் குறை இருக்கிறது, அதுவும் கண்ணுக்கு முன்னாலேயே. பால் கொடுக்கும் பெட்டைக்கு 80 கிராம் பெலட் காணவே காணாது. முயல் பாலில் புரதம் 12 சதவீதமளவு, கொழுப்பும் ஏறக்குறைய அவ்வளவு. பசும்பாலோடு ஒப்பிட்டால் மூன்று மடங்கு கெட்டி. ஈன்று 18 முதல் 21ஆம் நாள்வரை பால் உச்சத்தில் இருக்கும், நல்ல பெட்டை ஒன்று நாளைக்கு 200 கிராமுக்கு மேல் பால் கொடுக்கும். அவ்வளவையும் 80 கிராம் பெலட்டிலும் கங்குங்கிலும் இருந்து எடுக்க முடியாது, உடம்பைக் கரைத்துத்தான் கொடுக்கும். மூன்றாம் கிழமையில் குட்டி மெலிவதற்கும், அதற்குப் பிறகு சேர்த்தால் தாய் சினை பிடிக்காததற்கும் இது ஒன்றே போதும்.

ஆகவே முதலில் அளவைத் திருத்துங்கள். சினை இல்லாத பெட்டைக்கு 80 முதல் 100 கிராம் சரி. சினையின் கடைசிப் பத்து நாளில் 130, 150 என்று கூட்டுங்கள். குட்டி போட்ட மூன்றாம் நாளில் இருந்து கிண்ணம் வெறுமையாக விடக்கூடாது, 200 கிராமைத் தாண்டினாலும் பரவாயில்லை. குட்டி பிரித்தபின் திரும்பக் குறைக்காவிட்டால் கொழுப்பு வைக்கும், கொழுத்த பெட்டையும் சினை பிடிக்காது. முதுகெலும்பைத் தடவிப் பாருங்கள்: கூராகக் குத்தினால் மெலிவு, எலும்பே தட்டுப்படாவிட்டால் கொழுப்பு.

இனி முருங்கை. அடர்தீனியின் (பெலட் அல்லது தவிடு, புண்ணாக்குக் கலவையின்) எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை காய்ந்த தூள் பயமில்லாமல் சேர்க்கலாம். நீங்களே கலப்பதென்றால் 10 கிலோவுக்கு இப்படிப் போடலாம்: முருங்கைத் தூள் 1.5 கிலோ, அரிசித் தவிடு 3, உடைத்த சோளம் 2, சோயாப் புண்ணாக்கு 1, தேங்காய்ப் புண்ணாக்கு 2.3, கனிமக் கலவை 150 கிராம், உப்பு 50 கிராம். புரதம் 18 சதவீதத்தைத் தொடும், பால் கொடுக்கும் தாய்க்கு அது போதும். ஆனால் இந்தக் கலவையில் நார் 9 சதவீதம்கூட வராது. முயலின் மொத்தத் தீனியில் 14க்குக் குறையாமல் நார் இருக்கவேண்டும், இல்லையென்றால் வயிறு ஓடும். ஆகவே கினிப்புல் எந்நேரமும் கூட்டில் தொங்கவேண்டும், ஒரு வேளைக்கு மட்டும் போட்டு நிறுத்தக்கூடாது. கங்குங்கில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், அதைப் புல்லுக்குப் பதிலாகக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

கடை பெலட்டையே தொடர்ந்து கொடுப்பதென்றால் தூளே தேவையில்லை, பச்சை இலை போதும். 100 கிராம் தீனிக்கு 15 கிராம் தூள் என்றால் பச்சை இலையில் அது 60 முதல் 75 கிராம், கை நிறைய இரண்டு பிடி. ஒரு கிலோ தூளுக்கு ஈர்க்கு நீக்கிய இலை 4, 5 கிலோ வேண்டும், மினக்கெட்டுக் காயவைப்பதில் கொழும்பில் லாபம் இல்லை.

கல்சியம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மாடு, ஆடு மாதிரி முயல் தேவைக்கு ஏற்பக் கல்சியத்தை உறிஞ்சுவதில்லை. தின்பதில் பெரும்பகுதி இரத்தத்துக்குப் போய் மிச்சம் சிறுநீரால் வெளியேறும். முருங்கை கொடுக்கத் தொடங்கினால் சுண்ணாம்புத் தூளோ டைகல்சியம் பொஸ்பேட்டோ தனியாகச் சேர்ப்பதை நிறுத்துங்கள். சிறுநீர் கொஞ்சம் வெள்ளையாகக் கலங்கலாக இருப்பது வழமை. களி மாதிரித் தடித்துத் தளத்தில் ஒட்டினால் இலையை நிறுத்திவிட்டுத் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். பால் கொடுக்காத பெட்டைக்கும் கடுவனுக்கும் பாதி அளவே போதும்.

இன்னொன்று: பெலட்டில் விற்றமின் ஏ ஏற்கனவே இருக்கும். அதோடு கோழிக்கு விற்கிற ஏடி3ஈ (விற்றமின் ஏ, டி3, ஈ) கரைசலையும் தண்ணீரில் கலக்கிறவர்கள் உண்டு. விற்றமின் ஏ குறைந்தாலும் கூடினாலும் முயலில் ஒரே மாதிரித்தான் தெரியும்: கரு வயிற்றுக்குள்ளேயே கரையும், குட்டி செத்துப் பிறக்கும், தலையில் நீர் கோத்த குட்டி வரும். குட்டி குறைகிறது என்று அந்தக் கரைசலை மேலும் ஊற்றினால் இன்னும் குறையும்.

தகரமும் காற்றும்:

தீனிக் கணக்குச் சரி. ஆனால் சித்திரை, வைகாசியில் சினை பிடிக்காததற்குத் தீனி மட்டும் காரணமாக இராது. "மேல தகரக் கூரை" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள், அதில்தான் பாதிப் பதில் இருக்கிறது.

முயலுக்குச் சுகமான வெப்பம் 15 முதல் 21 பாகை. 30க்கு மேலே போனால் கடுவனின் விந்து கெடத் தொடங்கும். கொழும்பில் பகல் 31, 32 சாதாரணம், தகரத்துக்குக் கீழே நண்பகலில் அதைவிட இன்னும் ஏறும். ஈரக்காற்று வேறு. முயலுக்கு வேர்க்காது, காதாலும் மூச்சாலும்தான் சூட்டை வெளியே விடவேண்டும். பங்குனி, சித்திரைச் சூட்டில் கெட்ட விந்து அன்றோடு போகாது. ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வர ஏழெட்டுக் கிழமை எடுக்கும், ஆகவே சூடு தணிந்த பிறகும் இரண்டு மாதம் வரை பெட்டைகள் வெறுமையாக நிற்கும். கடுவன் ஏறும், விழும், எல்லாம் வழமைபோலத் தெரியும். அதனால் பெட்டையில் குறை என்று நினைத்துவிடுவோம்.

எகிப்து மாதிரி வெப்ப நாடுகளில் சூட்டில் நின்ற ஆண் முயல்களுக்கு முருங்கை கொடுத்துப் பார்த்த சோதனைகளில் விந்தின் தரம் ஓரளவு தேறியிருக்கிறது. இலையில் உள்ள ஒட்சியேற்ற எதிர்ப்பிகள் காரணம் என்கிறார்கள். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் தகரத்தின் கீழே வேகவிட்டுவிட்டு இலையால் ஈடுகட்டப் பார்ப்பது வீண்வேலை.

செய்யவேண்டியது: தகரத்துக்கு மேலே இரண்டு படை கிடுகு போடுங்கள், கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு இன்னொரு தட்டி கட்டுங்கள். அந்த இடைவெளியால் காற்று ஓடவேண்டும், நாலு பக்கமும் அடைத்தால் பிரயோசனம் இல்லை. மேற்கு வெயில் படாத பக்கத்தில், கீழ்த் தட்டில் கடுவனை வையுங்கள், மேல் தட்டில் அல்ல. பகல் பதினொரு மணிக்குத் தண்ணீர்க் குழாயைத் தொட்டுப் பாருங்கள். வெயிலில் கிடக்கும் குழாயில் தண்ணீர் சுட்டால் முயல் குடிக்காது, குடிக்காவிட்டால் தின்னாது. உறையவைத்த ஒன்றரை லீற்றர் போத்தலைக் கூட்டுக்குள் சாய்த்து வைத்தால் அதிலே ஒட்டிப் படுக்கும்.

சேர்ப்பது விடியற்காலையில், அல்லது மாலை ஆறரைக்குப் பிறகு. பெட்டையைத்தான் கடுவன் கூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், மாற்றிச் செய்தால் பெட்டை கடிக்கும். சேர்க்க முன் பெட்டையின் பிறப்புறுப்பு நிறத்தைப் பாருங்கள்: வெளிர் என்றால் வேண்டாம், நல்ல சிவப்பு என்றால் சேருங்கள், ஊதாவுக்குப் போயிருந்தால் நேரம் கொஞ்சம் பிந்திவிட்டது. முயலுக்குச் சேர்ந்த பிறகுதான் கருமுட்டை வெளிவரும், 10 முதல் 12 மணித்தியாலம் எடுக்கும். அதனால் ஒருமுறை சேர்த்துவிட்டு ஆறேழு மணித்தியாலம் கழித்து இன்னொருமுறை சேர்ப்பது குட்டித் தொகைக்கு நல்லம். கடுவனுக்குக் கிழமைக்கு நாலு முறைக்கு மேல் வேண்டாம். 12ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில் வயிற்றைத் தடவினால் சிறு உருண்டைகள் விரலுக்குத் தட்டுப்படும். அதற்குப் பிந்தினால் அழுத்தக்கூடாது.

வெளிச்சமும் ஒரு காரணம். இங்கே வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணித்தியாலம். 14 முதல் 16 மணித்தியாலம் வெளிச்சம் கிடைத்தால் பெட்டை இலகுவாக இணங்கும். மாலையில் ஒரு சிறிய மின்குமிழை நாலு மணித்தியாலம் எரியவிட்டால் போதும், பெட்டைகளின் பக்கம் மட்டும்.

உங்கள் ஆறு பெட்டையில் எத்தனை இந்தக் கடுவனின் குட்டிகள்? மகளை அப்பனோடு சேர்த்தாலும் ஈத்தில் குட்டி குறையும், அதற்கு எந்த இலையும் மருந்தில்லை.

வத்தளைக்காரி:

இரண்டு பேருக்கும் நன்றி. ஆறில மூண்டு அவன்ர குட்டிகள்தான், அண்ணை. கடுவன் மேல் தட்டில, தகரத்துக்குக் கீழதான் நிக்குறான். மாத்துறன். இபில் இபிலுக்கும் வேப்பிலைக்கும் ஒருத்தரும் பதில் சொல்லேல்லையே?

மாளிகாவத்தை நானா:

தங்கச்சி, இபில் இபிலை இனப்பெருக்கத்துக்கு நிக்கிற முயலுக்குக் குடுக்க வாணாம். புரதம் முருங்கைக்குக் கிட்டத்தட்ட வரும், முயலும் ஆசையாத் தின்னும், அதனாலதான் எல்லாரும் ஏமார்றாங்க. அதுல மிமோசின் எண்டு ஒரு நஞ்சு இருக்குது, கொழுந்துலயும் விதையிலயும்தான் கூடுதல். மாட்டுக்கும் ஆட்டுக்கும் இரைப்பையில அதை உடைக்கிற கிருமி இருக்கலாம், முயலுக்கு அந்த வசதி இல்ல. முதல்ல தெரியிறது முடி கொட்டுறது. அதைப் பாத்திட்டு எல்லாரும் சொறி எண்டு ஊசி போடுவாங்க. இன்னும் குடுத்தா வளர்ச்சி நிக்கும், சினை பிடிக்கிறது குறையும். இறைச்சிக்கு வளக்குற முயலுக்கு, வெயில்ல நல்லாக் காய்ஞ்ச முத்தின இலையா, மொத்தத் தீனியில பத்துல ஒரு பங்குக்குள்ள, தொடர்ந்து குடுக்காம இடைவெளி விட்டுக் குடுக்கலாம். பெட்டைக்கும் கடுவனுக்கும் அதுவும் வாணாம்.

கிளிரிசிடியா வேற கதை. பச்சையில மணம் பிடிக்காம முயல் ஒதுக்கும், ஒரு நாள் வாடவிட்டா தின்னும். பிரச்சினை பூஞ்சணம். அந்த இலையில கூமரின் எண்டு ஒரு பொருள் இருக்குது, ஈரத்தோட குமிச்சு வச்சு பூஞ்சணம் பிடிச்சா அது இரத்தம் உறைய விடாத பொருளா மாறும். குட்டி போடுற நேரத்துல தாய்க்கு இரத்தம் நிக்காமப் போனா கையில ஒண்டும் செய்ய ஏலாது. கொழும்பு மழைக்கு கிளிரிசிடியாவைக் காயவைக்கிற யோசனையையே விடுங்க.

வேப்பிலை: எலியில நடந்த சோதனையில வேம்பு கருத்தரிப்பைக் குறைச்சிருக்குது. குட்டி கூடணும் எண்டு நிக்கிறவங்க அதைக் குடுக்கிறதுல என்ன ஞாயம்? கம்பிவலைத் தளத்துல வளர்ற முயலுக்குக் குடல்பூச்சி பெரிய தொல்லையும் இல்ல. வயிறு ஊதி, கழிஞ்சு, குட்டி சாகுறது கூடுதலா கொக்சிடியா எண்ட குடல் நுண்கிருமியால, அதுக்கு மிருக வைத்தியர்கிட்ட மருந்து கேளுங்க. அப்பக் கையோட ஒண்டு ஞாபகம் வைங்க: அமொக்ஸிசிலின், பென்சிலின் வகை மருந்தை முயலுக்கு வாயால குடுத்தா குடல்ல நல்ல கிருமி செத்து முயலும் சாகும். வீட்டுல மிஞ்சின மாத்திரையைக் கரைச்சு ஊத்துற பழக்கம் நம்ம ஆக்கள்ட இருக்குது.

பப்பாசி இலை கொஞ்சம் தின்னா ஒண்டும் ஆகாது, ஆனா கொட்டையைக் கடுவனுக்குப் போட வாணாம், அதோட சாறு ஆண் முயல்ல விந்தணுவைக் குறைக்கும் எண்டு இந்தியாவுல பாத்திருக்காங்க. முருங்கையிலயும் இலை மட்டும்தான். வேரும் பட்டையும் கருவுக்கு ஆகாது, கொப்பை வெட்டி அப்பிடியே போட்டா பட்டையையும் உரிச்சுத் தின்னும், அதால ஈர்க்கோட இலையை உருவிக் குடுங்க. அவகாடோ இலை, அலரி, உன்னி இந்த மூணும் கிட்டவும் வரக்கூடாது. அவகாடோ இலை பால் குடுக்குற முயலோட மடியையும் இதயத்தையும் தாக்கும். மரவள்ளி இலையிலயும் நஞ்சு இருக்குது, வாடினாப் போதும் எண்டு நினைக்காதீங்க.

கங்குங் எங்க வாங்குறீங்க? கால்வாய்க் கரையில புடுங்கினதா இருந்தா நிப்பாட்டுங்க. காலி வீதி மாதிரி பெரிய ரோட்டுக் கரைப் புல்லும் அப்பிடித்தான், வாகனப் புகையும் நாய் மூத்திரமும். வற்றாளைக் கொடி நட்டா அதைவிட நல்லம், பழைய சாக்குல மண் போட்டாலும் படரும். மல்பெரித் தடி கிடைச்சா ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி ஊண்டுங்க, இலை முயலுக்கு நல்லாச் செமிக்கும், நஞ்சு கிடையாது.

முருங்கை மரத்துல மழை தொடங்கினதும் மயிர்க்கொட்டி கூட்டம் கூட்டமா ஏறும். அடிமரத்துல ஒட்டிக் கிடக்குறது தெரியும், இலைக்குள்ள சின்னப் புழு நிக்குறது தெரியாது. அந்த மயிர் பட்டா முயலுக்கு உதடும் வாயும் வீங்கித் தீனி எடுக்காது. மருந்து அடிச்ச மரத்து இலையும் அதே கிழமையில குடுக்க ஏலாது. உருவின இலையை வெள்ளைத் துணியில உதறிப் பாருங்க.

பசுந்தீவனம்:

நானா சொன்ன இபில் இபில் விஷயத்தோடு ஒத்துப்போகிறேன். காயவைப்பதைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், சிலர் விற்கவும் செய்கிறார்கள் என்பதால்.

நேர் வெயிலில் போட்டால் கரோட்டின் போய்விடும், தூள் வைக்கோல் நிறமாகும். நிழலில், தரையில் இருந்து உயர்த்திக் கட்டிய நைலோன் வலையில், இலை ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் மெல்லிய படையாகப் பரப்பி, மின்விசிறி வையுங்கள். நாளைக்கு மூன்று தடவையாவது கிளறுங்கள். கையில் எடுத்து நசித்தால் சத்தத்தோடு நொருங்க வேண்டும். காம்பு வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே வராமல் அரைத்துப் போத்தலில் அடைத்தால் இரண்டு கிழமையில் கட்டி கட்டியாகும், உள்ளே பூஞ்சணம். நல்ல தூள் கடும் பச்சையாக, காய்ந்த புல் வாசத்தோடு இருக்கும். மண்ணிறமும் புளித்த வாசமும் வந்தால் கொட்டிவிடுங்கள், முயலுக்கு "கொஞ்சமாக" என்று கொடுக்க வேண்டாம். காற்றுப் புகாத, வெளிச்சம் படாத பாத்திரத்தில் இரண்டு மூன்று மாதம்தான் வைக்கலாம். தேங்காய்ப் புண்ணாக்கும் சோளமும் இதே வகைதான், மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்படும் அளவு வாங்கிக் குவிக்காதீர்கள்.

தூளைப் பெலட்டின் மேலே தூவினால் கிண்ணத்தின் அடியில் மிஞ்சும், மூக்குக்குள் போய்த் தும்மும். கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, அன்றைக்கே தின்று முடிக்கிற அளவு மட்டும் வையுங்கள்.

எந்த இலையானாலும் பழக்குவதற்கு எட்டுப் பத்து நாள் எடுங்கள். முதல் மூன்று நாள் ஒரு முயலுக்கு 15 கிராம் பச்சை இலை, சாணி உருண்டையாக விழுந்தால் இரட்டிப்பு. சாணி மென்மையாகி ஒட்டினால் நிறுத்திப் புல்லை மட்டும் கொடுங்கள். தாயைப் பிரித்த குட்டிக்கு எட்டுக் கிழமை வயது வரை புது இலை எதுவும் வேண்டாம். குடல் நிலைகொள்ளாத வயது அது, நல்ல இலையே கொல்லும்.

வத்தளைக்காரி:

நல்லது. பெலட்டைக் கூட்டி, கூரையை மாத்தி, முருங்கையும் குடுத்தா எது வேலை செய்தது எண்டு எப்பிடித் தெரியும்?

தகரமும் காற்றும்:

தெரியாது, மூன்றையும் ஒன்றாகச் செய்தால். கூரையையும் பெலட் அளவையும் எல்லாருக்கும் இப்போதே திருத்துங்கள், அதில் சோதனை பார்க்கத் தேவையில்லை. இலையை மட்டும் மூன்று பெட்டைக்குக் கொடுங்கள், மூன்றுக்கு வேண்டாம். கடுவனின் மகள்மார் மூன்றும் ஒரே பக்கம் போகாமல் பிரியுங்கள். அந்த மூன்றையும் சேர்க்க வேறு கடுவன் வேண்டும். புதிதாகக் கொண்டுவருவதை மூன்று கிழமை தனியாக, வேறு கிண்ணம், வேறு தண்ணீரோடு வைத்த பிறகே உள்ளே எடுங்கள்.

ஒவ்வொரு கூட்டிலும் ஒரு அட்டை கட்டி இவ்வளவையும் எழுதுங்கள்: சேர்த்த திகதி, நேரம், எந்தக் கடுவன், 12ஆம் நாள் தடவிய முடிவு, உயிரோடு பிறந்தது, செத்துப் பிறந்தது, 21ஆம் நாள் முழு ஈத்தின் நிறை. கடைசி எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அதுவரை குட்டி பெரும்பாலும் பாலில்தான் வளரும், ஆகவே அது தாயின் பாலைச் சொல்கிறது. இலை உண்மையில் உதவினால் குட்டி எண்ணிக்கையைவிட அந்த நிறையில்தான் வித்தியாசம் முதலில் வரும். ஈத்துகளின் குட்டி எண்ணிக்கை வேறுபட்டால் ஒப்பிட முடியாது. ஒரே நாளில் இரண்டு பெட்டை ஈனும்படி சேர்த்து, கூடிய குட்டிகளை முதல் இரண்டு நாளுக்குள் மற்றத் தாய்க்கு மாற்றிச் சமப்படுத்துங்கள். சேர்த்ததில் இருந்து 28ஆம் நாள் குட்டி போடும் பெட்டி வைக்க மறக்காதீர்கள், 31ஆம் நாளை ஒட்டித்தான் ஈனும்.

கூரை மாற்றிய உடனே கடுவன் தேறிவிட்டான் என்று கணக்கெடுக்க வேண்டாம். முதல் எட்டுக் கிழமைக்குள் அவனோடு சேர்த்ததை அட்டையில் எழுதி வையுங்கள், ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

மாளிகாவத்தை நானா:

அட்டையை லெமினேட் பண்ணிக் கட்டுங்க தங்கச்சி, வெறும் கடதாசி எண்டா பக்கத்துக் கூட்டு முயல் தின்னுடும்.